ஏன் வரைந்தார்கள் என்று கேட்பதற்கு முன்: குகை ஓவியங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

குகை ஓவியம் என்றதும் எல்லோருக்கும் வரும் முதல் கேள்வி, "இதையெல்லாம் எதற்கு வரைந்தார்கள்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதில் தொடங்கினால் ஊகத்தில்தான் போய் முடியும். எழுத்து பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒரு வரி விளக்கம்கூட விட்டுப்போகவில்லை. அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம். எங்கே வரைந்தார்கள்? எந்த வெளிச்சத்தில்? எதைக் குழைத்து? கூட யார் இருந்தார்கள்? இவற்றுக்குச் சுவரிலும் தரையிலும் தடயம் இருக்கிறது. அந்தத் தடயங்களைக் கையில் வைத்துக்கொண்டு "ஏன்" என்ற கேள்விக்குப் போனால், சொல்லப்படும் காரணங்களில் எது நிற்கும், எது சரியும் என்று நாமே எடைபோடலாம்.

வாசலும் உள்ளிருட்டும்

ஆதி மனிதர்கள் குகைக்குள் குடியிருந்தார்கள், பொழுது போகாமல் சுவரில் வரைந்தார்கள் என்ற சித்திரம் பலர் மனத்தில் இருக்கிறது. பாதிதான் சரி. மக்கள் தங்கியது குகை வாசலிலும், பாறை முன்துருத்தி நிழல் தரும் ஒதுக்கிடங்களிலும்தான். அங்கே அடுப்புச் சாம்பலும் தின்றுபோட்ட எலும்பும் உடைந்த கல் கருவிகளும் கிடைக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா அப்படிப்பட்ட பாறை ஒதுக்கிடங்களின் தொகுதி. அங்கே ஓவியங்கள் பகல் வெளிச்சத்தில், ஆட்கள் புழங்கும் இடத்திலேயே இருக்கின்றன.

பிரான்சிலும் ஸ்பெயினிலும் உள்ள புகழ்பெற்ற குகைகள் பலவற்றின் கதை வேறு. பிரான்சின் நியோ குகையில் "கறுப்பு மண்டபம்" என்று அழைக்கப்படும் இடத்துக்கு இன்றைய வாசலிலிருந்து சுமார் 800 மீட்டர் இருட்டில் நடக்க வேண்டும். அவ்வளவு உள்ளே யாரும் குடியிருக்கவில்லை. வந்தார்கள், வரைந்தார்கள், போய்விட்டார்கள். இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டால் மற்ற எல்லாமே குழம்பும். வீட்டுச் சுவரில் வரைவதற்கான காரணமும், அரை மைல் இருட்டுக்குள் போய் வரைவதற்கான காரணமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

காலத்தையும் சரியாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தென் பிரான்சின் ஷோவே குகையில் உள்ள மிகப் பழைய ஓவியங்களுக்கு வயது சுமார் 36,000 ஆண்டுகள். பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்களுக்கு 17,000 முதல் 21,000 வரை சொல்கிறார்கள். அதாவது ஷோவே ஓவியர்களுக்கும் லாஸ்கோ ஓவியர்களுக்கும் இடையே கழிந்த காலம், லாஸ்கோ ஓவியர்களுக்கும் நமக்கும் இடையே கழிந்ததற்குப் பெரிதாகக் குறைந்ததல்ல. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள லியாங் கரம்புவாங் குகையில், ஒரு காட்டுப்பன்றியும் அதைச் சுற்றி மூன்று மனித உருவங்களும் கொண்ட ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டுப் பழையது என்று 2024இல் அறிவித்தார்கள். இவ்வளவு நீண்ட காலத்தில், இவ்வளவு தொலைவிலுள்ள மக்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக வரைந்தார்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம்.

வெளிச்சம் ஒரு கணக்கு

ஆழ்குகை இருட்டு, கண் பழகிக்கொள்ளும் இருட்டு அல்ல. எவ்வளவு நேரம் நின்றாலும் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. அதனால் உள்ளே போனவர்கள் திட்டமிட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

அவர்களிடம் இருந்தவை இரண்டு. ஒன்று தீப்பந்தம், அதாவது காய்ந்த கிளைகளைச் சேர்த்துக் கட்டியது. மற்றொன்று கல் விளக்கு. குழிந்த கல்லில் விலங்குக் கொழுப்பையோ எலும்பு மஜ்ஜையையோ வைத்து, ஒரு சுள்ளியைத் திரியாக்கி எரிப்பது. ஸ்பெயினில் ஆய்வாளர்கள் இவற்றை அதே பொருள்களில் செய்து குகைக்குள் எரித்துப் பார்த்தார்கள். பந்தம் சராசரியாக 41 நிமிடம் எரிந்தது. சுற்றிலும் ஏறக்குறைய 6 மீட்டர் வரை வெளிச்சம் தந்தது. ஆனால் புகை அதிகம். எரியும்போது ஒரே சீராகவும் எரியாது, அவ்வப்போது வீசிக் கொழுந்துவிடச் செய்ய வேண்டும். கொழுப்பு விளக்கு மெழுகுவத்தி அளவுக்குத்தான், சுமார் 3 மீட்டர். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் எரிந்தது, புகையும் குறைவு.

ஆகவே நடப்பதற்குப் பந்தம், ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை செய்ய விளக்கு என்று கொள்வது பொருத்தமாக இருக்கிறது. உள்ளே போய் வரைந்து திரும்ப மாற்றுப் பந்தங்கள், கொழுப்பு, நெருப்பு உண்டாக்கும் பொருள் எல்லாம் வேண்டும். இவற்றைச் சுமக்கவும் பிடிக்கவும் கூடவே இன்னோர் ஆளாவது வேண்டும். லாஸ்கோவின் ஒரு நீள்கூடத்தில், எட்டாத உயரத்தில் வரைவதற்கு மரச் சட்டங்களைச் செருகிய குழிகள் சுவரில் இருக்கின்றன. சாரம் கட்டி வேலை செய்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக் கிறுக்கல் என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப்போகிறது.

எரியும் வெளிச்சம் அசையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் அல்தமிரா குகைக் கூரையில் இயற்கையாகவே புடைத்து நிற்கும் பாறை முண்டுகளின் மேல் காட்டெருதுகளை வரைந்திருக்கிறார்கள். புடைப்பு எருதின் உடலாகிவிடுகிறது. விளக்கு நகரும்போது புடைப்பின் நிழலும் நகரும். ஷோவேயில் ஓர் எருதுக்கு எட்டுக் கால்கள் வரைந்திருக்கிறார்கள். ஓடுவதைக் காட்டத்தான் என்று பலர் கருதுகிறார்கள். பின்னால் இன்னொரு எருது நிற்கிறது என்றும் சொல்லலாம். ஆனால் மின்விளக்கின் தட்டையான வெளிச்சத்தில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அதைத் தீர்மானிக்க முடியாது.

வண்ணம்: என்ன இருக்கிறது, என்ன இல்லை

சிவப்புக்குச் செங்காவி, மஞ்சளுக்கு மஞ்சள் காவி. இரண்டுமே இரும்பு கலந்த மண்தான். மஞ்சள் காவிக்குள் நீர் கட்டுண்டிருக்கிறது. 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது வெளியேறி மண் சிவப்பாகிவிடும். சாதாரண விறகு நெருப்பிலேயே செய்யலாம். கறுப்புக்கு மரக்கரி அல்லது மாங்கனீசுக் கல். நீலமும் பச்சையும் ஏறக்குறைய இல்லவே இல்லை. அவர்களுக்கு அந்த நிறங்கள் பிடிக்காமல் போயிற்று என்று இதற்குப் பொருளில்லை. அந்த நிறங்களைத் தரும் கனிமங்கள் அரிது. இலைச்சாறு போன்றவற்றில் வரைந்திருந்தால் அவை மங்கி அழிந்திருக்கும்.

நம் கண்ணில் படுவது மிஞ்சியது மட்டும்தான் என்பதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும். மரப்பட்டையில், தோலில், மணலில், உடம்பில் வரைந்தவை போய்விட்டன. வெயில் மழை படும் பாறைகளில் இருந்தவையும் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. ஆழ்குகைகளில் வெப்பமும் ஈரமும் மாறாமல் இருந்ததால் அங்குள்ளவை தப்பின. "இருட்டில்தான் வரைந்தார்கள்" என்பதைவிட "இருட்டில் வரைந்தவை பிழைத்தன" என்பதே சரி.

வண்ணம் தயாரிக்கும் பழக்கம் குகை ஓவியங்களைவிடப் பழையது. தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில், காவிமண்ணோடு பொடித்த எலும்பும் கரியும் கலந்து குழைத்த இரண்டு பெரிய கடற்சிப்பிகள், அரைக்கும் கற்களோடு சேர்ந்து கிடைத்தன. வயது சுமார் 1,00,000 ஆண்டுகள்.

ஒரு கைத்தடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம்

பல கண்டங்களிலும் திரும்பத் திரும்ப வரும் உருவம் கை. அதில் இரண்டு வகை. உள்ளங்கையில் வண்ணம் பூசிச் சுவரில் பதிப்பது ஒன்று. கையைச் சுவரில் வைத்துச் சுற்றிலும் வண்ணத்தைத் தெளித்துவிட்டுக் கையை எடுத்தால் வெறுமையாகத் தெரியும் கை வடிவம் மற்றொன்று. பழைய குகைகளில் அதிகம் இருப்பது இந்த இரண்டாம் வகை.

செய்முறை எளிதாகத் தெரியும். செய்து பார்த்தால்தான் சிரமம் புரியும். காவியை மாவுபோல அரைக்க வேண்டும். கொரகொரப்பாக இருந்தால் தெறிப்பு திட்டுத்திட்டாக விழும். தண்ணீர் கூடினால் வழிந்து விரல்களுக்கு அடியில் புகுந்து ஓரம் கலங்கிவிடும். குறைந்தால் ஒட்டாமல் உதிரும். வாயில் வைத்துச் சிறுசிறு தெறிப்பாக ஊதலாம், அல்லது இரண்டு எலும்புக் குழல்களைச் செங்கோணத்தில் பிடித்து ஊதலாம். ஒரு குழலின் நுனி வண்ணத்தில் நிற்க, இன்னொன்றின் வழியாக ஊதும் காற்று வண்ணத்தை உறிஞ்சிச் சாரலாக்கும். ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில், சுவருக்கு நேராக ஊதினால்தான் ஓரம் கூர்மையாக விழும். சாய்த்து ஊதினால் ஒரு பக்கம் மங்கும். மணிக்கட்டுப் பக்கம்தான் பெரும்பாலும் கெட்டுப்போகும், ஏனென்றால் கை அங்கே சுவரைவிட்டுத் தூக்கி நிற்கும். (செய்து பார்க்க விரும்புகிறவர்கள் கவனிக்க: மாங்கனீசுப் பொடி நஞ்சு. எந்த வண்ணப் பொடியையும் வாயில் வைக்காதீர்கள், கைத்தெளிப்பான் போதும்.)

இந்தத் தடங்களில் பெரும்பான்மை இடது கை. வலக்கையால் குழலைப் பிடித்து ஊதியிருப்பார்கள் என்பது இயல்பான விளக்கம். ஆனாலும் புறங்கையைச் சுவரில் வைத்தால் வலக்கை இடக்கைபோலத் தெரியும் என்பதால் முழு உறுதி சொல்ல முடியாது. பிரான்சின் கார்காஸ் குகையில் பல கைகளில் விரல்கள் பாதியாகவோ இல்லாமலோ இருக்கின்றன. குளிரில் விரல் அழுகிப்போனது, சடங்குக்காக வெட்டிக்கொண்டது, விரலை மடக்கிச் சைகை காட்டியது என்று மூன்று விளக்கங்கள் உலவுகின்றன. கட்டைவிரல் மட்டும் பெரும்பாலும் முழுதாக இருப்பதால் மடக்கியது என்ற கருத்துக்கே என் சாய்வு. மடக்கிக் காட்டும்போது கட்டைவிரல் தனியே நிற்கும். ஆனால் பனியிலும் கட்டைவிரல் பலமுறை தப்பிவிடும் என்பதால் இது முடிவான சான்று அல்ல.

இதே ஊதும் முறையில்தான் பிரான்சின் பெஷ் மெர்ல் குகையின் புள்ளிக் குதிரைகளும் உருவாயின. மிஷேல் லோர்பிளான்ஷே என்ற ஆய்வாளர் வேறொரு குகைச் சுவரில் அவற்றை அப்படியே திரும்பச் செய்தார். கரியை வாயில் மென்று, உமிழ்நீரோடு ஊதியதில் மொத்தம் 32 மணி நேரம் ஆயிற்று. அந்தப் புள்ளிகள் கற்பனை, கனவு, மந்திரக் குறி என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 2011இல் பழங்காலக் குதிரை எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்தபோது, புள்ளி போட்ட குதிரைகள் அந்தக் காலத்தில் உண்மையிலேயே இருந்தன என்று தெரிந்தது. கண்டதை வரைந்திருக்கலாம் என்ற எளிய வாய்ப்பை நாம் கடைசியில்தான் நினைக்கிறோம்.

வயதை எப்படிச் சொல்கிறார்கள்

கரியால் வரைந்ததென்றால் கரிம அளவீடு, அதாவது கரியிலுள்ள கதிரியக்கக் கரிமம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது. மில்லிகிராமுக்கும் குறைவான துகள் போதும். மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது, காவிக்கும் மாங்கனீசுக்கும் இது உதவாது. அவற்றில் கரிமம் இல்லை. இரண்டாவது, கிடைப்பது மரம் செத்த காலம், கோடு போட்ட காலம் அல்ல. பழைய கரித்துண்டைப் பின்னால் வந்தவர் எடுத்தும் வரைந்திருக்கலாம். மூன்றாவது, அழுக்கு. சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அளவிட முடியாத முறை இது; அந்த எல்லைக்கு அருகே துளி அழுக்கும் பெரிய பிழையாகும். 50,000 ஆண்டுப் பழைய கரியில் இன்றைய கரிமம் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே அது சுமார் 36,000 என்று காட்டும்.

காவி ஓவியங்களுக்கு வேறு வழி. சுண்ணாம்புக் குகையில் சுவர் வழியே கசியும் நீர், ஓவியத்தின் மேல் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தை மெல்லிய படலமாகப் படிய வைக்கும். யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. ஆகவே புதிதாகப் படிந்த படலத்தில் யுரேனியம் மட்டுமே இருக்கும். அது சிதைந்து தோரியம் சேரச் சேரக் காலம் தெரியும். படலம் ஓவியத்துக்கு மேலே இருப்பதால் கிடைப்பது "குறைந்தது இத்தனை ஆண்டு" என்ற கீழெல்லை. ஸ்பெயினின் எல் காஸ்தியோ குகைச் சிவப்பு வட்டத்துக்குக் குறைந்தது 40,800 ஆண்டுகள் என்று வந்தது இப்படித்தான். பின்னாளில் ஊறிய நீர் யுரேனியத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டால் வயது பொய்யாகக் கூடும். 2018இல் ஸ்பெயினின் மூன்று குகைகளில் 64,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கிடைத்தது. அப்போது அங்கே இருந்தவர்கள் நமக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த வேறொரு மனித இனமான நியாண்டர்தால்கள் மட்டுமே என்பதால் பெரும் விவாதம் எழுந்தது. அளவீடு சரியா, அந்தப் படலம் உண்மையில் வண்ணத்தின் மேல்தான் இருந்ததா என்பது பற்றி ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கூட இருந்தவர்கள்

வரைந்தது வயது வந்த ஆண் வேட்டைக்காரர் என்று நூறாண்டுகளாக யாரும் கேட்காமலேயே எழுதிவந்தார்கள். தரை வேறு சொல்கிறது. ஷோவேயின் களிமண் தரையில் ஒரு சிறு பிள்ளையின் காலடித் தடம் இருக்கிறது. பிரான்சின் ருஃபின்யாக் குகையின் மென்மையான சுவர்களில் விரலால் இழுத்த கோடுகளின் அகலத்தை அளந்து, சிறு குழந்தைகளும் வரைந்திருக்கிறார்கள் என்று கண்டார்கள். சில கோடுகள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில். பெரியவர் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். கைத்தடங்களின் விரல் நீளங்களை அளந்த ஓர் ஆய்வு, பார்த்தவற்றில் முக்கால்வாசி பெண்களுடையவை என்றது. அந்த அளவு முறை எல்லா மக்களுக்கும் பொருந்துமா என்ற கேள்வி இருக்கிறது. ஆனாலும் பெண்களும் குழந்தைகளும் உள்ளே வந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆண்களுக்கு மட்டுமான இரகசியச் சடங்கு என்ற விளக்கம் இதைத் தாண்டியாக வேண்டும்.

இப்போது, ஏன்?

அல்தமிரா ஓவியங்களை 1879இல் வெளிக்கொணர்ந்தவர் மார்செலினோ சான்ஸ் தே சவுதுவோலா; கூரையில் எருதுகளை முதலில் கவனித்தது அவருடைய சிறு மகள் மரியா. அறிஞர்கள் போலி என்றார்கள். காட்டுமனிதர்களுக்கு இவ்வளவு கைத்திறன் வராது என்பதே அவர்களின் அடிப்படை வாதம். முக்கிய எதிர்ப்பாளரான எமில் கார்த்தயாக் 1902இல் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டார். சவுதுவோலா 1888லேயே இறந்துவிட்டார்.

முதலில் வந்த விளக்கம், அழகுக்காக வரைந்தார்கள் என்பது. எலும்பிலும் தந்தத்திலும் செதுக்கிய சிறு பொருள்களுக்கு அது பொருந்தலாம். யாரும் வசிக்காத இருட்டுக்குள் ஏன் என்பதற்கு அதில் பதில் இல்லை.

அடுத்தது வேட்டை மந்திரம். விலங்கின் உருவத்தை வசப்படுத்தினால் விலங்கும் வசப்படும் என்ற எண்ணம். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இதுவே ஆட்சி செய்தது; பள்ளிப் பாடங்களில் இன்னும் இருக்கிறது. இதைச் சோதிப்பது சுலபம். தின்ற எலும்பையும் வரைந்த உருவத்தையும் ஒப்பிட்டால் போதும். லாஸ்கோவில் கிடைத்த எலும்புகளில் பெரும்பகுதி பனிமான். சுவரிலோ பனிமான் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. அங்கே நிறைந்திருப்பவை குதிரைகளும் காட்டு மாடுகளும். ஷோவேயில் சிங்கமும் காண்டாமிருகமும் கம்பளி யானையும். இவை அன்றாட உணவல்ல. ஈட்டி பாய்ந்த விலங்குகள் சில குகைகளில் இருக்கின்றன, ஆனால் மொத்தத்தில் சிறுபான்மை. ஆகவே சில படங்களுக்கு வேட்டையோடு தொடர்பு இருக்கலாம், பொது விளக்கமாக அது நிற்காது.

1960களில் ஆந்த்ரே லெருவா-குரான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், எந்த விலங்கு எந்த விலங்கோடு, குகையின் எந்தப் பகுதியில் வருகிறது என்று எண்ணத் தொடங்கினார். குதிரையும் எருதும் நடுவில் இணையாக வருகின்றன, ஆபத்தான மிருகங்கள் ஓரத்திலும் ஆழத்திலும் என்றார். குதிரையை ஆணுக்கும் எருதைப் பெண்ணுக்கும் ஈடாக வைத்தார். அந்த ஈடு இன்று யாரையும் நம்பவைப்பதில்லை. கலை கரடுமுரடாகத் தொடங்கிப் படிப்படியாக மெருகேறியது என்ற அவரது காலவரிசையையும் ஷோவே கவிழ்த்துவிட்டது. மிகப் பழையவற்றில் ஒன்றான அது மிகத் தேர்ந்ததாகவும் இருந்தது. ஆனால் கண்ணுக்குப் பட்டதைப் பேசாமல் எண்ணிப் பார்த்துப் பேசுவது என்ற பழக்கம் அவரோடு நிலைபெற்றது. அதற்காக அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

1990களில் ஜான் குளோத், டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது, நம்மூர்ச் சாமியாடியைப்போல அருள்நிலைக்குப் போகிறவர்கள் கண்ட காட்சிகள் இவை என்பது. குகைச் சுவர் இந்த உலகுக்கும் ஆவியுலகுக்கும் இடையிலான திரை. விரிசலிலிருந்து விலங்கு பாதி வெளிவருவதுபோல வரைந்திருப்பதும், கையைச் சுவருக்குள் கரைத்துவிடுவதுபோலத் தடம் எடுத்திருப்பதும் அதனால்தான் என்றார்கள். ஏன் குகை, ஏன் இருட்டு, ஏன் பாறைப் புடைப்பு என்பவற்றுக்கு இதுவரை வந்ததில் இதுவே நல்ல பதில். ஏன் இந்தக் குறிப்பிட்ட விலங்குகள் என்பதற்கு இதனிடம் பதில் குறைவு. மேலும் அவர்கள் செய்ததுபோல, தென்னாப்பிரிக்காவின் வேட்டைச் சமூகமான சான் மக்களின் அண்மைக்கால வழக்கங்களைக் கொண்டு 20,000 ஆண்டுக்கு முந்தைய ஐரோப்பாவைப் படிப்பது நீண்ட தாவல்.

ஒலியையும் சிலர் அளந்திருக்கிறார்கள். பிரான்சின் சில குகைகளில் குரல் நன்றாக அதிரும் இடங்களில் ஓவியங்கள் கூடுதலாக இருப்பதாக 1988இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. பாட்டும் கூத்தும் நடந்த இடங்களாக இருக்கலாம். பரந்த மண்டபங்கள் கூட்டம் கூடுவதற்கு, ஒருவர் மட்டும் ஊர்ந்து போகக்கூடிய சந்துகள் தனியாளுக்கு. ஒரே குகையில் இரண்டும் இருக்கின்றன என்பதை யோசித்தால், ஒரே குகைக்கே ஒரு காரணம் போதாது என்று தெரியும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

லாஸ்கோ 1940இல் கண்டுபிடிக்கப்பட்டு 1948இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பார்வையாளர்களின் மூச்சிலிருந்த கரியமில வாயுவும் ஈரமும் உடல் சூடும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசியையும் வெள்ளைக் கால்சைட்டையும் படியவைத்தன. 1963இல் மூடினார்கள். 2001இல் பூஞ்சை வந்தது. ஷோவேயை அந்தப் பாடத்தால் மக்களுக்குத் திறக்கவே இல்லை. இரண்டுக்கும் அச்சு அசலான நகல் குகைகள் கட்டியிருக்கிறார்கள். அசலையே பார்க்க வேண்டுமென்றால் நியோவும் பெஷ் மெர்லும் இன்னும் அளவான கூட்டத்தோடு திறந்திருக்கின்றன.

மற்றவர்கள் பார்ப்பது படத்தில்தான். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: இது புகைப்படமா, யாராவது பார்த்து வரைந்த நகலா? பிரான்சின் துரோவா-ஃப்ரேர் குகையில் "மந்திரவாதி" என்று பெயர்பெற்ற ஓர் உருவம் உண்டு. மான் கொம்பும் மனிதக் கால்களும் கொண்டது. புத்தகங்களில் தெளிவாகத் தெரியும் அந்தக் கொம்புகள் ஆன்ரி புரூயி என்ற ஆய்வாளர் வரைந்த நகலில் உள்ளவை. புகைப்படங்களில் வண்ணக் கோடுகள் தெரிகின்றன, கொம்புகளோ சரியாகத் தெரிவதில்லை. மெல்லிய கீறல்கள் கேமராவில் விழவில்லை, நேரில் பார்த்தால் இருக்கின்றன என்கிறார்கள் சிலர். புரூயி கூட்டி வரைந்துவிட்டார் என்கிறார்கள் சிலர். சாமியாடிக் கருத்துக்குச் சான்றாக அந்த உருவத்தைக் காட்டும் கட்டுரையைப் படிக்கும்போது, அச்சிட்டிருப்பது எது என்று படத்தின் கீழே உள்ள வரியை ஒருமுறை பாருங்கள்.